கற்கண்டும் மின்சாரக் கிதாரும்

திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையில் கே.ஜி.கண்டிகை என்றோர் ஊர் உண்டு. கரும்பும் நெல்லும் விளையும் பூமி. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும் எல்லைப்புறச் சிற்றூர். இசை வரலாற்று நூல் எதிலும் இவ்வூரின் பெயர் வராது. ஆனால் இவ்வூரைக் கடந்து செல்லும் அந்தச் சாலையின் இரு முனைகளையும் சற்றே நீட்டிப் பார்த்தால் விந்தையான ஒரு பொருத்தம் புலப்படும். கிழக்கு முனையில் திருத்தணி மலை. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடிய இடம் அது. மேற்கே சோளிங்கரையும் வாலாஜாவையும் தாண்டிப் பாலாற்றங்கரையை எட்டினால் ராணிப்பேட்டை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு ஓர் இசைத்தொகுப்பையே காணிக்கையாக்கிய கிதார் கலைஞர் ஆர்.பிரசன்னா பிறந்த ஊர். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய இந்தத் தொலைவைத் தமிழிசை கடக்க ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. அந்த இருநூறு ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எல்லைப்புறம் என்றேன். திருத்தணி 1953இல் உருவான ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தோடு போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் அளித்த தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. கோடு எங்கே விழுகிறது என்பதற்காக மனிதர்கள் சிறை சென்ற மண் இது. ஆனால் இசை அந்தக் கோட்டை ஒருபோதும் மதித்ததில்லை. தமிழ்நாட்டில் பிறந்த தீட்சிதர் திருத்தணி முருகனை வடமொழியில் பாடினார். அதே முருகனை அருணகிரியார் தமிழ்ச் சந்தத்தில் பாடியிருந்தார். இருவருக்கும் நடுவே தெலுங்கில் பாடிய தியாகராசர் திருவையாற்றில் இருந்தார். இந்தப் பின்னணியில், எது நம்முடைய வாத்தியம், எது அந்நிய வாத்தியம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் கோடு போடுகிறவர்களின் கை கொஞ்சம் நடுங்குவதுதான் நியாயம்.

தீட்சிதரின் கதையைத் தெரிந்தவர்கள் பலர். ஆயினும் அதில் ஒரு பகுதியையே நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிறோம். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி, தந்தை ராமசுவாமி தீட்சிதரோடும் தம்பியரோடும் சென்னைக்கு வடக்கே மணலிக்குக் குடிபெயர்ந்தார். மணலி முதலியார்களின் ஆதரவு அக்குடும்பத்துக்குக் கிடைத்தது. பிறகு சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கித் திரும்பினார். திரும்பியபின் திருத்தணிக்குச் சென்றபோது, முதியவர் ஒருவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி நாவில் கற்கண்டை வைத்து மறைந்தார் என்றும், அக்கணமே மாயாமாளவகௌளையில் 'ஸ்ரீநாதாதி' என்று தொடங்கும் கிருதி பிறந்தது என்றும் மரபு சொல்கிறது. வேற்றுமை ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக எட்டு கிருதிகள் அங்கே அமைந்தன. 'குருகுஹ' என்ற முத்திரையும் அங்கிருந்தே தொடர்கிறது.

நாம் சொல்லாமல் விடும் பகுதி மணலியைப் பற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷிகளாக இருந்த முதலியார்களின் செல்வாக்கினால் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்புத் தீட்சிதர் சகோதரர்களுக்கு வாய்த்தது. ஐரிஷ், ஸ்காட்டிய, ஆங்கில மெட்டுகள் காதில் விழுந்தன. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலினே கற்றுக்கொண்டார். அண்ணனோ அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்யம் செய்தார். 'நோட்டு' என்ற ஆங்கிலச் சொல்லையும் 'ஸ்வரம்' என்ற வடசொல்லையும் ஒட்டி நொட்டுஸ்வரம் என்று அழைக்கப்படும் அந்த உருப்படிகள் முப்பதுக்கும் மேற்பட்டவை. இங்கிலாந்தின் தேசிய கீதத்தின் மெட்டும் அவற்றில் அடக்கம். அரசரைக் காக்கும்படி வேண்டும் அந்த மெட்டில் தீட்சிதர் சியாமளையைத் தம்மைக் காக்கும்படி வேண்டினார். வேண்டுதல் அப்படியே இருந்தது, வேண்டப்பட்டவர் மாறிப்போனார். இதில் குறும்பு இருந்ததா, வெறும் பயிற்சியா என்று இன்று யார் சொல்வது? ஏ.எம்.சின்னசுவாமி முதலியார் 1893இல் ஐரோப்பியக் குறியீட்டில் கீழைத்தேய இசையை அச்சிட்டபோது இவற்றுக்கும் ஓர் இடம் கொடுத்தார். அதற்குள் அவை சிறுவர்களுக்கான பாடமாகச் சுருங்கிவிட்டிருந்தன.

ஒரே வீட்டில், ஒரே காலத்தில், அண்ணனும் தம்பியும் அந்நிய இசையை எதிர்கொண்ட விதம் வேறுவேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அண்ணன் மெட்டை எடுத்துக்கொண்டார். அதில் கமகம் சேர்க்கவில்லை. சங்கராபரண மேளத்தின் ஸ்வரங்களில், ஆடாமல் அசையாமல், ஐரோப்பியர் வாசித்தபடியே விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் மாற்றினார். தம்பியோ வாத்தியத்தை எடுத்துக்கொண்டு அதன் பழக்கவழக்கங்களைக் களைந்தார். காலப்போக்கில் வயலின் தரையில் அமர்ந்தது. அதன் தலை வலது கணுக்காலில் இறங்கியது. நான்கு தந்திகளும் ஸட்ஜ பஞ்சமங்களாகச் சுருதி சேர்ந்தன. நூறு ஆண்டுகளுக்குள் வயலின் இல்லாத கச்சேரியைக் கற்பனை செய்யவே முடியாத நிலை வந்தது. மெட்டை எடுத்த வழி கிளைவிடாமல் நின்றுபோயிற்று. வாத்தியத்தை எடுத்த வழி ராஜபாட்டையாயிற்று. நம் இசை அந்நியத்தை ஏற்கும் முறை பற்றிப் பின்னால் எழுந்த எல்லா வாதங்களும் இந்த முதல் அனுபவத்தின் நிழலிலேயே நடந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. வாத்தியம் வரலாம், அதன் ஊர்வாசனை வரக்கூடாது என்பதே எழுதப்படாத விதி.

வயலினுக்கு இந்த விதி எளிது. அதற்கு மெட்டுக் கட்டைகள் இல்லை. விரல் எங்கே ஊன்றினாலும் அங்கே ஒரு ஸ்வரம் உண்டு. குரல் வழுக்கும் இடமெல்லாம் அதுவும் வழுக்கும். கிதாரின் நிலை அப்படியல்ல. அதன் கழுத்தில் உலோகக் கட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்தாயி பன்னிரண்டு சம பாகங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. இயற்கையான அந்தர காந்தாரத்துக்கும் கிதார் கட்டையில் கிடைக்கும் காந்தாரத்துக்கும், அரை ஸ்வரத்தை நூறு பங்காக வைத்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய 14 பங்கு வேறுபாடு வரும். பயிற்சியுள்ள காது அதைக் கேட்கும். 'வீணையிலும் மெட்டுகள் உண்டே' என்று வாசகர் கேட்கலாம். உண்டு, 24 மெட்டுகள். ஆனால் அவை மெழுகில் பதிந்து உயர்ந்து நிற்பவை. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல ஸ்வரங்களை எழுப்பலாம். கிதாரின் கட்டைகளோ தாழ்வானவை, விரல் மரத்தில் இடிக்கும். ஸ்வரங்கள் உண்டு, அவற்றுக்கிடையே உள்ள பாதை இல்லை. கர்நாடக இசையோ பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் வாழ்கிறது.

இந்தத் தடையை வெல்ல மூன்று உபாயங்கள் உண்டு. கட்டைகளையே புறக்கணித்து, கிதாரை மடியில் கிடத்தித் தந்தியின் மேல் ஒரு தண்டை நகர்த்தி வாசிப்பது ஒன்று. நம் கோட்டுவாத்தியத்தின் முறையும் இதுவே. வடக்கே பிரிஜ் பூஷண் காப்ரா இதைச் செய்தார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா இருவரோடும் அவர் சேர்ந்த 1967ஆம் ஆண்டு இசைத்தட்டு புகழ்பெற்றது. கட்டைகளுக்கிடையே உள்ள மரத்தைக் குழித்துவிடுவது இரண்டாவது உபாயம். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ்.ராமநாதனிடம் வீணை பயின்ற ஜான் மக்லாக்லின், சக்தி குழுவுக்காகச் செய்வித்துக்கொண்ட கிதார் அப்படிக் குழிக்கப்பட்டது. பின்னாளில் இங்க்வி மால்ம்ஸ்டீன் போன்ற ராக் கிதார்க்காரர்களும் குழித்த கழுத்தை விரும்பினார்கள். மூன்றாவது உபாயம்தான் மிகக் கடினமானது. கிதாரைக் கிதாராகவே விட்டுவிட்டு, விரலால் தந்தியைத் தள்ளியும் நெடுக வழுக்கியும் பாதையை உண்டாக்குவது. பிரசன்னா தேர்ந்தது இதைத்தான்.

ஆனால் அவருக்கு முன்பே கிதார் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் ராணிப்பேட்டைக்கு அருகேயுள்ள வாலாஜா சாலை. திருத்தணிக்கு மிக அருகில் உள்ள அரக்கோணம் பெரிய சந்திப்பாக வளர்ந்தது. ரயில் குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுடைய நடன அரங்குகளிலும் தேவாலயங்களிலும் கிதார் ஒலித்தது. எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற பாடகர் 1936இல் சென்னையில் பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஆயினும் பெரும்பான்மைத் தமிழர் காதுக்குக் கிதார் வந்தது தேவாலயம் வழியாக அல்ல, திரைப்படம் வழியாகவே.

திரையிசையில் கிதாரின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றதையும், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வுகளில் தேறியதையும் அனைவரும் அறிவர். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அவருடைய பாடல்களில் கிதார் வெறும் தாளத் துணையாக இல்லாமல் தனக்கென ஒரு குரலோடு பேசத் தொடங்கியது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் அந்தச் சில விநாடிகளை லட்சக்கணக்கானவர்கள் இன்றும் வாயால் முணுமுணுக்கிறார்கள். வாசித்தவர் யார் என்று கேட்டால் விடை வராது. இசைத்தட்டின் உறையில் நடிகர் படம் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயரும் இருக்கும். கிதார் வாசித்தவர் ஒரு நாள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்விட்டிருப்பார்.

இந்த இடத்தில் 'தனித் தொகுப்பு' என்ற சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது. ராக் உலகில் கிதார் கலைஞரின் தனித் தொகுப்பு என்றால் அதற்கொரு நாடகத்தன்மை உண்டு. குழுவில் பாடகரின் பின்னே நின்றவர், பூசலாலோ மனக்குறையாலோ வெளியேறி, 'இதோ என் குரல்' என்று முன்வருகிற செயல் அது. கர்நாடக இசையில் இந்த நாடகத்துக்கே இடமில்லை. இங்கே எல்லாத் தொகுப்பும் தனித் தொகுப்புத்தான். ஒருவர் நடுவே அமர்கிறார், மற்றவர் பக்கவாத்தியம். திரையிசையிலோ கிதார்க்காரருக்குத் தனித் தொகுப்பு என்பதே எட்டாக் கனி. ஆகவே தமிழ்நாட்டில் ஒருவர் கிதாரைக் கையில் எடுத்துத் தம் பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட வேண்டுமானால், ஏதாவதொரு வாசல் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். எண்பதுகளில் திறந்திருந்த வாசல் சபா மேடை ஒன்றே. சுகுமார் பிரசாத் அவ்வாசலில் நுழைந்து மின்சாரக் கிதாரில் கர்நாடகக் கிருதிகளை வாசித்துக் காட்டினார். உ.ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன், இரட்டைத் தந்திகளைக் களைந்து ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கிய மின்சார மாண்டலினோடு வந்து சென்னையைத் திகைக்க வைத்ததும் அதே ஆண்டுகளில்தான். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸஃபோனுக்கும் அதே காலம் வழிவிட்டது. 2014இல் நாற்பத்தைந்தே வயதில் ஸ்ரீநிவாஸ் மறைந்தபோது, மாண்டலினை அந்நிய வாத்தியம் என்று சொல்ல ஒருவரும் மிச்சமிருக்கவில்லை.

இவர்கள் யாவரும் பாலுசுவாமி தீட்சிதரின் வழியில் வந்தவர்கள். வாத்தியத்தை எடுத்தார்கள், அதன் ஊர்வாசனையைக் களைந்தார்கள். பிரசன்னாவின் தொடக்கமும் அவ்வாறே.

ராணிப்பேட்டை விசித்திரமான ஊர். செஞ்சியை ஆண்ட தேசிங்குராசனின் மனைவியின் நினைவாகப் பெயர் பெற்றது என்பார்கள். தோல் பதனிடும் ஆலைகளின் நெடி வீசும் தொழில் நகரம். 2019இல்தான் மாவட்டத் தலைநகராயிற்று. சபாக்களும் விமர்சகர்களும் நிறைந்த மயிலாப்பூரிலிருந்து அது எவ்வளவு தொலைவு என்பது பயண நேரத்தில் அளக்கக்கூடியதல்ல. அங்கே வளர்ந்து கிதாரைக் கையிலெடுத்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தார். ஐ.ஐ.டி.யின் ஆண்டு விழாவுக்கு அப்போது மார்டி கிரா என்று பெயர், பின்னாளில்தான் சாரங் ஆனது. கல்லூரி ராக் குழுக்கள் மோதிக்கொள்ளும் களம் அது. ஆங்கில ராக் இசையும் கர்நாடக இசையும் ஒரே ஊரில், ஒன்றையொன்று ஏறிட்டுப் பார்க்காமல் வாழ்ந்த காலம். பிரசன்னா இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தார். திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் மேதை ஏ.கன்யாகுமரியிடமும் கர்நாடக இசை கற்றார். பிறகு பொறியியலை விட்டுவிட்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லி இசைக்கல்லூரிக்குப் போய் ஜாஸும் மேற்கத்திய இசையமைப்பும் பயின்றார்.

தொண்ணூறுகளில் வெளியான அவருடைய முதற்காலத் தொகுப்புகள் கர்நாடக உருப்படிகளைக் கொண்டவை. வர்ணம், கிருதி, ஆலாபனை என்று கச்சேரி இலக்கணம் வழுவாதவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வீணையா, மாண்டலினா என்ற ஐயம் வரக்கூடிய வாசிப்பு. ஐயம் வரவேண்டும் என்பதே அந்தத் தொகுப்புகளின் நோக்கமும்கூட. கிதார் தன்னைக் கிதார் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் அடையும் வெற்றி அது. திறமையைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் அந்த வெற்றியில் ஒரு சோகமும் இருக்கிறது. இன்னொருவர் வீட்டில் விருந்தாளியாகக் குரலைத் தாழ்த்திப் பேசுகிற சோகம். 2003இல் வெளியான 'பி த சேஞ்ச்' தொகுப்பில் அவர் சொந்த இசையமைப்புகளோடு ஜாஸ் பக்கம் நகர்ந்தார். குரல் உயரத் தொடங்கியது.

2006இல் வந்தது 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' என்ற தொகுப்பின் பெயரைப் புரட்டிப் போட்ட தலைப்பு. 1942இல் பிறந்து 1970இல் 27 வயதில் இறந்த ஹெண்ட்ரிக்ஸ், உயிரோடிருந்தபோது வெளியிட்ட ஸ்டுடியோ தொகுப்புகள் மூன்றே மூன்று. அந்த மூன்றைக் கொண்டு மின்சாரக் கிதாரின் இலக்கணத்தையே எழுதிவிட்டுப் போனார். அதுவரை பொறியாளர்கள் பிழை என்று கருதி நீக்க முயன்ற இரைச்சலையும் எதிரொலிச் சுழலையும் அவர் இசையின் மூலப்பொருளாக்கினார். பிரசன்னாவின் தொகுப்பில் உள்ள தலைப்புகளைப் பாருங்கள். 'ஸ்ரீ ஜிமி', 'பாட் பெல்லி ப்ளூஸ்', 'இரப்ஷன் இன் பெங்களூர்', 'டார்க் சண்டே இன் ட்ரிப்ளிகேன்', 'ஸ்நேக்பேங்கர்ஸ் பால்', 'ஃபோர்த் ஸ்டோன் ஃப்ரம் த சன்'. ராக் வரலாறு தெரிந்தவர் ஒவ்வொன்றிலும் ஒரு கண்சிமிட்டலைக் காண்பார். ஹெண்ட்ரிக்ஸ் சூரியனிலிருந்து மூன்றாவது கல்லைப் பாடினார், இவர் நான்காவதற்குப் போகிறார். எட்டி வான் ஹேலன் 1978இல் எரிமலையாக வெடித்தது இங்கே பெங்களூரில் நடக்கிறது. தொந்திக் கணபதிக்கு ப்ளூஸ் பாடப்படுகிறது. இந்தச் சிலேடைகளில் சில கல்லூரி விடுதியின் நகைச்சுவையைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காளமேகப் புலவரின் மண்ணில் சிலேடைக்கு இன்னும் சற்று உயர்ந்த அளவுகோல் உண்டு.

ஆனால் இசை வேறு தளத்தில் இருக்கிறது. இங்கே கிதார் மின்சாரக் கிதாராகவே வருகிறது. கரகரப்பும், நீண்டு இழையும் நாதமும், ராக் இசைக்கே உரிய உறுமலும் ஒளிவுமறைவின்றிக் கேட்கின்றன. அதோடு மிருதங்கம், கடம், கஞ்சிரா போன்ற நம் தாள வாத்தியங்கள் பக்கவாத்தியமாக அல்லாமல் ராக் குழுவின் உறுப்பினர்களாகவே இயங்குகின்றன. 'ஃப்யூஷன்' என்ற பெயரில் நம்மிடம் குவிந்த பெரும்பாலான முயற்சிகள், மேற்கத்திய டிரம்ஸின் மேல் ஒரு ராகத்தை மிதக்க விடுவதோடு நின்றுவிட்டவை. இது தலைகீழ். தாளம் இங்கிருந்து, இரைச்சல் அங்கிருந்து.

அந்த இரைச்சலைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம். வீணையில் தந்தியை மீட்டியவுடனேயே நாதம் தேயத் தொடங்குகிறது. நீண்ட கார்வையை வீணைக் கலைஞர் கேட்பவரின் மனத்தில்தான் எழுப்ப முடியும். மின்சாரக் கிதாரில் ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்போது, நாதம் தேயாமல் நிற்கிறது. அதே சமயம் அதன் உள்ளே புதிய மேற்சுரங்கள் கிளர்ந்து குரல் கனத்துக் கரகரக்கிறது. ஒரே மீட்டில் மூச்சு முழுதும் நீளும் அந்த ஒலிக்கு உலகில் மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டால், நம் நாகஸ்வரம் என்றே சொல்வேன். திருவிழா இரவில் கோபுர வாசலில், தவிலின் இடிக்கு ஈடுகொடுத்துத் திறந்தவெளியில் ஒலிக்கும் நாகஸ்வரத்தில் இருப்பது சபாக் கூடத்தின் மென்மையல்ல. கூட்டத்தை வசப்படுத்தும் வீரியம். ஹெண்ட்ரிக்ஸின் கிதாரில் இருப்பதும் அதுதான். அந்த வகையில் ராக் கிதாரின் கரகரப்பு நமக்கு அந்நியமே அல்ல. சபா வாசலில் செருப்போடு கழற்றி விட்டுவரச் சொல்லப்பட்ட அந்த ஊர்வாசனை, கோயில் வீதியில் ஏற்கெனவே நமக்குப் பழக்கமானதுதான். பிரசன்னாவின் தொகுப்பைக் கேட்கும்போது இது காதாலேயே விளங்குகிறது.

இதையே மறுபக்கத்திலிருந்தும் சொல்லலாம். தீட்சிதர் திருத்தணியில் முதலில் எடுத்த மாயாமாளவகௌளை, சங்கீதம் கற்கும் ஒவ்வொரு குழந்தையும் முதலில் பாடும் ராகம். சரளி வரிசையை இதில் அமைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. கிதாரின் ஒரு தந்தியைத் திறந்த நிலையில் ஸட்ஜமாகக் கொண்டு 1, 4, 5, 7, 8, 11, 12 என்ற கட்டைகளில் வரிசையாக விரல் வைத்தால் இந்த மேளம் வந்துவிடும். டிக் டேல் என்ற அமெரிக்கக் கிதார்க்காரர் 1962இல் செய்தது ஏறக்குறைய இதுதான். லெபனான் வழிவந்த குடும்பத்தவரான அவர், கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளில் வழங்கிவந்த 'மிஸிர்லூ' என்ற பழைய பாட்டை எடுத்து, மின்சாரக் கிதாரின் கனத்த தந்தியில் அசுர வேகத்தில் மீட்டினார். 1994இல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலித்து உலகெங்கும் பரவியது அந்த இசை. கலிஃபோர்னியக் கடற்கரையில் அலைச்சறுக்கு இளைஞர்களை ஆட வைத்த ஸ்வரங்களும் கற்கண்டுச் சுவையோடு திருத்தணியில் பிறந்த ஸ்வரங்களும் ஒன்றே. ராகம் ஒன்று என்று சொல்ல மாட்டேன், ராகம் என்பது ஸ்வர வரிசை மட்டுமல்ல. ஆனால் வித்து ஒன்று.

இன்னொரு பொருத்தத்தையும் விட்டுவிட மனம் வரவில்லை. 1969 ஆகஸ்ட் 18 காலையில் வுட்ஸ்டாக் திருவிழா மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைத் தனிக் கிதாரில் வாசித்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. கீதத்தின் நடுவே குண்டுகள் விழும் ஒலியும் ஓலமும் அவருடைய தந்தியிலிருந்து எழுந்தன. அதிகாரத்தின் பாட்டை எடுத்து, ஒரு ஸ்வரத்தையும் மறைக்காமல், அதன் பொருளை மாற்றிவிட்டார். மணலியில் தீட்சிதர் செய்ததைக் கலகம் என்று அழைக்க முடியாது. ஆனால் வந்தவனின் கீதத்தை வாங்கி அதன் சிம்மாசனத்தில் வேறொருத்தியை அமர்த்திய அந்தச் செயலை, வுட்ஸ்டாக்குக்குப் பிறகு பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை.

'கணேஷா லேண்ட்' பற்றி எழக்கூடிய முக்கியமான மறுப்பு ஒன்றையும் இங்கே பார்க்கலாம். கமகத்தைக் கிதாரில் கொண்டுவந்துவிட்டீர்கள், சரி. ஆனால் சாகித்யம் எங்கே? கர்நாடக இசையின் உயிர் சொல்லில் இருக்கிறது, வாத்தியம் வாசிப்பவரும் மனத்துக்குள் பாடிக்கொண்டேதான் வாசிக்கிறார். ராக் இசைக்குள் ராகம் நுழையும்போது அந்த உள்பாட்டு அறுந்து வெறும் ஸ்வரக் கோவையாகிவிடாதா? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரசன்னாவின் வேகமான பகுதிகள் சிலவற்றில் அந்த இழை அறுவதை நானும் கேட்கிறேன். விரல் போகிற வேகத்துக்கு மனம் பாட முடியாது. ஆனால் அவர் நிதானிக்கும் இடங்களில், ஒரு ஸ்வரத்தை அடைய மூன்று வழிகளில் முயன்று நான்காவது வழியில் சென்று நிற்கும் இடங்களில், பாடாத ஒருவரால் அப்படி வாசித்திருக்க முடியாது என்பதும் தெரிகிறது. மின்சார வாத்தியத்துக்கு மட்டும் உரிய நோயும் அல்ல இது. வயலினிலும் வீணையிலும் வேகத்துக்கு இரையானவர்கள் நம்மிடம் உண்டு.

அதன் பிறகு அவர் பல திசைகளில் சென்றார். உதட்டுப் பிளவோடு பிறந்த வட இந்தியச் சிறுமியைப் பற்றி மேகன் மைலன் இயக்கிய 'ஸ்மைல் பிங்கி' என்ற ஆவணப்படத்துக்கு இசையமைத்தார். 2009இல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது அப்படத்துக்குக் கிடைத்தது. அதே மேடையில் ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டு விருதுகளைப் பெற்றதால் நம் செய்தித்தாள்களுக்கு மற்றவர்களைப் பார்க்க நேரமிருக்கவில்லை. 2010இல் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கப்பட்ட ஸ்வர்ணபூமி இசைக்கல்விக்கூடத்தின் தலைமையை ஏற்றார். பியானோ கலைஞர் விஜய் அய்யர், தபலா கலைஞர் நிதின் மித்தா இருவரோடும் சேர்ந்து 2011இல் 'தீர்த்தா' என்ற தொகுப்பை வெளியிட்டார். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் கலைஞர் ஒருவரும், ராணிப்பேட்டையிலிருந்து அமெரிக்கா சென்ற கிதார் கலைஞர் ஒருவரும் சந்திக்கும் அந்தத் தொகுப்பில், யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. எந்த இசை எந்த இசையோடு கலக்கிறது என்று பிரித்துச் சொல்வதற்கு இடமே தராத தொகுப்பு. என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், 'கணேஷா லேண்'டை விடவும் இதைத்தான் அடிக்கடி கேட்பேன். பெயரிலேயே வேடிக்கையைக் குறைத்துக்கொண்டது காரணமாக இருக்கலாம்.

அண்டை மாநிலத்திலும் இதே காலத்தில் இதே கேள்வி வேறு வாசல் வழியாக வந்தது. கொச்சியின் மதர்ஜேன் என்ற ராக் குழுவில் பைஜு தர்மஜன் கர்நாடகக் கமகங்களை ராக் கிதாருக்குள் கொண்டுவந்தார். 2008இல் வெளியான 'மக்தூப்' அக்குழுவின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. பின்னர் அவர் குழுவை விட்டு வெளியேறித் தனி வழியில் சென்றார். ராக் உலகின் அந்தப் பழைய நாடகம் அப்படியே நம் மண்ணிலும் நடந்தது. பிரசன்னா சபாவிலிருந்து ராக்குக்குப் போனார், பைஜு ராக்கிலிருந்து ராகத்துக்கு வந்தார். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் எவர் எந்த வாசலில் நுழைந்தவர் என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். பைஜு ஒரு சொற்றொடரை முடிக்கும் இடத்தில் ராக் ரசிகனின் கைதட்டலுக்கு இடம் விடுகிறார். பிரசன்னா அதே இடத்தில் சமத்துக்கு வந்து சேர்கிறார்.

திருத்தணியில் ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு படித்திருவிழா நடக்கிறது. மலைக்குச் செல்லும் 365 படிகளுக்கும், ஒரு நாளுக்கு ஒன்றாக, பூசை செய்து பாடியபடி ஏறுகிறார்கள். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளைப் போய்ப் பார்க்கும் வழக்கத்தை மாற்ற, துரைகளுக்கெல்லாம் துரையான முருகனைப் பாருங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்தது இது. ஆங்கிலேயரின் நாள்காட்டியை அவர் விலக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நாள் அவர்களுடையது, பாட்டு அருணகிரியுடையது. கே.ஜி.கண்டிகையிலிருந்தும் சோளிங்கரிலிருந்தும் எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்தும் பஜனைக் குழுக்கள் ஆர்மோனியத்தோடு வந்து சேரும். பிரான்சில் உருவான அந்த ஆர்மோனியத்தில் கமகம் பிடிக்காது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இலிருந்து பல ஆண்டுகள் அதற்குத் தடை விதித்திருந்தது. படியேறுகிறவர்கள் அந்தத் தடையைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.